அரைப்பேர், முழுப்பேர்

தேயிலைத் தோட்டத்தில் மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் காதில் விழும் சொல் ஒன்று உண்டு: அரைப்பேர். “எனக்கு இன்னைக்கு அரப்பேருதான் போட்டாங்க” என்று ஒரு பெண் சொன்னால், அன்றைய நாட்கூலியில் பாதிதான் அவருக்கு விழுந்திருக்கிறது என்று பொருள். கேட்ட கிலோ நிறையவில்லை. அல்லது அடைமழையில் பாதி நாளோடு மலையை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டைத் திறந்து, அவர் பெயர் எழுதிய வரியில் அந்தத் தேதிக்குரிய கட்டத்தில் பாதியைக் குறிக்கிறார். முழு நாள் விழுந்தால் அது ஒரு பேர். மாதக் கடைசியில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நடக்கும் பேச்சும் இதே கணக்கில்தான்: “ஒனக்கு எத்தன பேரு?” “பதினெட்டரப் பேரு.”

தமிழ் பேசும் வேறெந்த ஊரிலும் இந்தப் பொருளில் இந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. பெயரைப் பாதியாக வெட்ட முடியும் என்று ஒரு மக்கள் கூட்டத்துக்குப் பழக்கிக் கொடுத்த இடம் இலங்கையின் மலையகம்.

கண்டியிலிருந்து வத்தேகம வழியாக ஏறினால் பன்வில. அதற்கு மேலே மடுல்கலை, ஹுலுகங்கை, கோமரை என்று தோட்டங்கள் நக்கிள்ஸ் மலையடிவாரம்வரை விரிகின்றன. பன்வில சிங்களப் பெயர். பன் என்பது பாய் பின்னும் கோரை. இலங்கைத் தமிழிலும் பன்பாய் என்றுதான் சொல்கிறோம். வில என்பது நீர் தேங்கிய குளம். நக்கிள்ஸ் ஆங்கிலேயர் இட்டது; மலைமுகடுகள் மடக்கிய கைமுட்டிகள்போல அவர்கள் கண்ணுக்குப் பட்டன. ஊருக்கும் மலைக்கும் பெயர் இப்படி நேராக விளங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே காட்டை வெட்டிக் கோப்பி நட்டு, கோப்பி பட்டுப்போனபின் தேயிலை நட்ட மக்களின் பெயருக்குத்தான் நீண்ட கதை.

பேர் என்பது பெயரின் மரூஉ. தெலுங்கில் பேரு, கன்னடத்தில் ஹெசரு, மலையாளத்தில் பேர். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் பெயருக்கென்றே ஓர் இயல் வைத்திருக்கிறது. ‘இடம் பெயர்தல்’ என்ற வினையும் இதே வடிவில் நிற்பதால் இரண்டையும் முடிச்சுப்போட்டுப் புலம்பெயர்ந்தோரின் துயரத்தை விளக்க ஆசை வரும். ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து வேர் சொல்வது சொல்லாராய்ச்சிக்கு அழகல்ல என்பதால் அந்த ஆசையை விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது வேறொரு வழக்கு. தமிழன் மனிதரை எண்ணும்போது பெயரால் எண்ணுகிறான். நாலு பேர் வந்தார்கள், பத்துப் பேர் போனார்கள். ஆட்டையும் மாட்டையும் இப்படி எண்ணுவதில்லை. எதிரே நிற்பவர் யாரென்றே அறியாதபோதும், அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது என்ற மதிப்பை நம் எண்ணும் முறை கொடுத்துவிடுகிறது. மொழி தானாகச் செய்யும் மரியாதை இது.

ஆட்களைக் கூட்டி எண்ணும் தோட்டத்துப் பிரட்டுக் களத்தில் விடியற்காலையில் “எத்தன பேரு?” என்று கேட்டபோது அந்த மரியாதையும் கூடவேதான் வந்திருக்கும். வேலைக்கு வந்த ஆட்களின் தொகை, செக்ரோலில் வேலைநாட்களின் தொகையாயிற்று. வேலைநாளைப் பிரிக்கலாம், ஆகவே பேரையும் பிரிக்கலாம் என்றாயிற்று. ஆளை எண்ணிய சொல் நாளை எண்ணி, கடைசியில் காசை எண்ணியது. சொல் தேய்ந்த வழி இதுதான் என்று நினைக்கிறேன்.

பக்கத்திலேயே இன்னொரு சொல்லும் இருந்தது: தலைக்காசு. ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி, தன் கூட்டத்தில் வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் தோட்டத்திடம் பெற்ற சிறு தொகை அது. கங்காணிக்குக் காசு வரும்போது மனிதர் தலை. தொழிலாளிக்குக் காசு வெட்டும்போது அவர் பேர். இந்த இரண்டு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தோட்டத்துக் கணக்குப் புத்தகம் முழுவதும் விளங்கிவிடும்.

மூன்றாவது சொல் கூலி. இதன் வேரைப் பற்றிச் சண்டை உண்டு. குஜராத்துக் கோலி சாதியின் பெயரிலிருந்து வந்தது என்பார் சிலர்; தமிழ்க் கூலியிலிருந்து என்பார் சிலர். எப்படியிருந்தாலும் தமிழில் கூலி என்பது ஆளின் பெயர் அல்ல, உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். திருக்குறளின் 619ஆம் குறளில் வள்ளுவர் அதை உடல் வருந்திய முயற்சிக்கு உரிய பயன் என்ற உயர்ந்த பொருளில் ஆள்கிறார். வேலை செய்பவரைச் சுட்ட நாம் கூலியாள் என்றோம், கூலிக்காரர் என்றோம். காலனிக் கப்பல்களில் ஏறியபோது ஆளும் காரரும் உதிர்ந்து, ஊதியத்தின் பெயர் மனிதர்மேல் ஒட்டிக்கொண்டது. கொடுக்க வேண்டிய கூலியைக் குறைத்துக்கொண்டே, அந்தக் கூலியையே அவருக்குப் பெயராகச் சூட்டினார்கள்.

அந்தப் பெயர் தேவாலயத்துக்குள்ளும் வந்தது. 1854இல் கண்டிப் பகுதியில் தோட்டத் தமிழருக்கென ஒரு கிறிஸ்தவ ஊழியம் தொடங்கியது. சி.எம்.எஸ். என்ற மிஷனரி சங்கத்தோடு சேர்ந்த அதற்குப் பணம் தந்தவர்களில் கோப்பித் துரைமார் இருந்தனர். திருநெல்வேலியில் ஊழியம் செய்த செப்டிமஸ் ஹாப்ஸ் என்ற குருவானவர் பொறுப்பேற்றார். ஊர் ஊராக, லயம் லயமாக நடந்து போதித்தவர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள். ஊழியத்துக்கு இட்ட பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’. அதைச் சூட்டியவர்கள் அன்றைய ஆங்கில வழக்கில் இழிவாக நினைக்காமலே சூட்டியிருக்கலாம். ஆனால் ஞானஸ்நானத்தில் ஒருவருக்கு மரியாள் என்றும் யோவான் என்றும் பெயர் கொடுத்துவிட்டு, அவர்கள் எல்லோரையும் சேர்த்துக் கூலி என்று அழைத்த திருச்சபையின் வாயில் அந்த முரண் பல ஆண்டுகள் தங்கியிருந்தது. அதை மூடி மறைக்க வேண்டியதில்லை.

அதே திருச்சபை ஒரு நல்ல காரியமும் செய்தது: இன்னொரு புத்தகத்தைத் திறந்தது. தோட்டத்தில் ஒருவரின் பெயர் ஏறிய புத்தகம் செக்ரோல். பேர் பதிந்தால் வேலை. பேரை வெட்டினால் லயத்துக் காம்பராவும் போயிற்று. துண்டு என்ற கடன்சீட்டு இருந்த காலத்தில், 1921இல் அந்த முறை ஒழியும்வரை, பட்ட கடனும் ஆளோடு சேர்ந்து தோட்டம் மாறியது. செக்ரோலின் கட்டங்களில் ஒருவரின் வாழ்க்கை ஒன்று, அரை, சுழியம் என்றே எழுதப்பட்டது. ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்படி இல்லை. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், தோட்டத்தின் பெயர், ஞானஸ்நானம் பெற்ற நாள். அரையாகக் குறிக்க அங்கே கட்டம் கிடையாது. கத்தோலிக்கக் கோயில்களிலும் இதே வழக்கம்தான். சவரியம்மாளும் அந்தோணியும் தேவசகாயமும் அங்கே முழுதாக எழுதப்பட்டார்கள். தேவசகாயம் என்பது லாசர் என்ற பெயரின் தமிழாக்கம். கடவுளின் உதவி என்று பொருள். அந்தப் பெயரில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்டபிள்ளை 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டதையும், 2022இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டதையும் மலையகத்துக் கத்தோலிக்கரும் அறிவார்கள்.

இந்தப் பின்னணியோடு மத்தேயு 20ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். திராட்சத் தோட்டத்துக்கு ஆள் எடுக்கும் உவமை. தமிழ் வேதத்தில் வரும் தோட்டம் என்ற சொல்லே பன்வில மக்களுக்கு வேறு மாதிரி ஒலிக்கும். அவர்களுக்குத் தோட்டம் என்றால் வேலியடைத்த பூந்தோட்டம் அல்ல. உவமையில் முதலாளி விடியற்காலையில் சிலரைக் கூப்பிடுகிறார். பொழுது ஏறியபின் சிலர், நடுப்பகலில் சிலர், பிற்பகலில் சிலர். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதும் சந்தைவெளியில் நிற்கும் சிலரைக் கண்டு, ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள் அவர்கள். மாலையில் கூலி கொடுக்கும்போது, கடைசியாக வந்தவர்களிலிருந்து தொடங்கி எல்லோருக்கும் ஒரே தொகை. பழைய மொழிபெயர்ப்பில் ஒரு பணம். 1995இல் வந்த திருவிவிலியத்தில் ஒரு தெனாரியம். தோட்டத்துத் தமிழில் அதற்கு ஒரே சொல்தான்: முழுப்பேர்.

இந்த உவமையை விளக்குபவர்கள் பெரும்பாலும் காலையில் வந்தவர்களின் முறுமுறுப்பையும், பரலோக இராச்சியத்தின் தாராளத்தையும் பற்றிப் பேசுவார்கள். சரிதான். ஆனால் வாழ்நாளெல்லாம் அரைப்பேர் வாங்கிய ஒருவர் கேட்பது அதைவிடக் கூர்மையானது. ஆண்டவரின் தோட்டத்தில் அரைப்பேர் என்ற கட்டமே இல்லை. பாதி நாள் உழைத்தவரும் பாதி மனிதர் ஆகிவிடுவதில்லை. அந்த நாள் சாப்பாட்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அதுவே அவருடைய கூலி. இந்த உவமையைச் சொன்னவர் கிலோக் கணக்கை அறியாதவர் அல்லர். அறிந்தும் அதைவிட மனிதரின் பசியை முன்னே வைத்தவர். தன் வலி வேதத்துக்குள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது என்று கண்டுகொள்வதிலிருந்துதான் ஒருவருடைய விசுவாசம் அவருடைய கடந்தகாலத்தோடு பேசத் தொடங்குகிறது. என் விசுவாசம் அப்படித்தான் பேசத் தொடங்கியது.

அதற்காக, பட்ட பாடெல்லாம் கடவுள் சித்தம் என்று சொல்லிவிடும் பிரசங்கத்தை என்னால் ஏற்க முடியாது. துரைமாரின் பணத்தில் நடந்த ஊழியத்தில் அப்படிப் போதிப்பது எளிதாகவும் இருந்திருக்கும். யோசேப்பின் கதை அதற்கு இடம் தரவில்லை. ஆதியாகமத்தின் கடைசி அதிகாரத்தில் அவன் தன்னை விற்ற சகோதரரைப் பார்த்து, நீங்கள் செய்ய நினைத்தது தீமை, தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்ற பொருள்படப் பேசுகிறான். தீமைக்கு அவன் வேறு பெயர் வைக்கவில்லை. விற்றவன் விற்றவன்தான். குழியில் தள்ளிய கை குழியில் தள்ளிய கைதான். அதன்பிறகும் தன் வாழ்க்கை வீணாகவில்லை என்று அவனால் சொல்ல முடிந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவருக்கே கடந்தகாலம் ஊழியமாக மாறும்.

வலியோடு பிறந்த பெயர்கள் வேதத்தில் பல. அவற்றில் இரண்டு நம் கதைக்கு நெருக்கமானவை. ராகேல் பிள்ளை பெற்றுச் சாகும் தறுவாயில் மகனுக்குப் பெனோனி என்று பெயரிட்டாள். என் துயரத்தின் மகன் என்று பொருள். தகப்பன் யாக்கோபு அதை மாற்றிப் பென்யமீன் என்றான், வலக்கையின் மகன். மற்றது யாபேஸ். நாளாகமத்தின் முதல் புத்தகத்தில் ஒன்பது அதிகாரங்களுக்கு வெறும் வம்ச வரலாறு, பெயர் மேல் பெயர். படிப்பவர்கள் தாண்டிப் போகும் பக்கங்கள். நாலாம் அதிகாரத்தில் அந்தப் பட்டியல் திடீரென்று ஒருவனுக்காக நிற்கிறது. வேதனையோடு பெற்றேன் என்று தாய் அவனுக்கு அந்தப் பெயரை வைத்தாள். அவன் கடவுளிடம் தன் எல்லையைப் பெரிதாக்கும்படியும், தீங்கு தன்னை வருத்தாதபடி காக்கும்படியும் கேட்டான். கேட்டது கிடைத்தது. அவ்வளவுதான் கதை, பட்டியல் மறுபடி ஓடத் தொடங்கிவிடுகிறது. கவனிக்க வேண்டியது, யாபேஸின் பெயர் மாற்றப்படவில்லை. வேதனை என்ற பெயரோடே அவன் கேட்டான், அந்தப் பெயரோடே பெற்றான்.

மலையக மக்களின் பெயர்களிலும் இந்த இரண்டு வழிகளும் உண்டு. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு அவர்களை இந்தியத் தமிழர் என்று தனி வகையாக்கியது. பேச்சில் தோட்டக்காட்டான் என்ற ஏச்சு இருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் என்ற பெயரைக் கொடுத்தது. தந்தை இலங்கையில் பிறந்தவர் என்று காட்டத் தாள் கேட்டார்கள். பிறப்புப் பதிவே நடக்காத லயங்களில் பிறந்தவர்கள் தாளுக்கு எங்கே போவார்கள்? ஒரு தாளில் இராமசாமி, இன்னொன்றில் ராமசாமி, ஆங்கிலத்தில் எழுத்தர் காதில் விழுந்தபடி மூன்றாவது ஒன்று. கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பெயரும் நாளும் ஊரும் ஒன்றாகக் கிடந்த தாள் ஞானஸ்நானச் சான்றிதழ். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. பேர் என்ற சொல் அங்கேயும் தொகையாகத்தான் நின்றது. தலைமன்னாருக்குப் பிரிந்து போனவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். 1977, 1981, 1983 வன்செயல்கள் எஞ்சியவர்களில் பலரையும் விரட்டின.

மறக்க விரும்பியவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. டவுனுக்குப் போய்ப் படித்தவர்கள் பலர் தோட்டத்து விலாசத்தை மறைத்தார்கள்; ஊர் எது என்று கேட்டால் கண்டி என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள். யோசேப்பும் மூத்த மகனுக்கு மனாசே என்று பெயரிட்டான். பட்ட வருத்தமெல்லாம் மறக்கச் செய்தார் என்று பொருள். மறதியும் ஒரு காலத்துக்கு வேண்டிய வரம்தான். இளையவன் பிறந்தபோது வைத்த பெயர் எப்பிராயீம்: நான் சிறுமைப்பட்ட தேசத்திலேயே என்னைப் பலுகச் செய்தார். தப்பிப்போன வேறு தேசத்தில் அல்ல, சிறுமைப்பட்ட அதே மண்ணில். முதல் மகனோடு அவன் நின்றிருந்தால் அந்த இரண்டாவது சொல் வேதத்துக்குக் கிடைத்திருக்காது.

மலையகம் என்ற சொல் எங்களுக்கு அப்படி வந்த இரண்டாவது பெயர். துரையோ மதிப்பீட்டு அதிகாரியோ இட்டதல்ல. படித்த பிள்ளைகளும் எழுத்தாளர்களும் தொழிற்சங்கத்தாரும் தாமே எடுத்துக்கொண்டது. கண்டியில் 1972இல் சத்தியோதயம் என்ற அமைப்பை நிறுவிய இயேசு சபைக் குரு போல் காஸ்பர்ஸ், விசுவாசத்தைக் குடியுரிமையோடும் நாட்கூலியோடும் சேர்த்துப் பேசினார். பட்டினிச் சாவுகள் தோட்டங்களை உலுக்கிய காலம் அது. அந்தப் பஞ்சத்தில் அரைப்பேருக்கும் முழுப்பேருக்கும் இடையே இருந்தது வெறும் காசு அல்ல.

2023இல் மலையக மக்கள் வருகையின் இருநூறு ஆண்டுகளை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28ஆம் தேதி தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் தேதி முடிந்தது. அதை முன்னெடுத்தவர்களில் தேசிய கிறிஸ்தவ மன்றமும் இருந்தது. இராமேசுவரத்துப் பக்கமிருந்து தோணியேறி வந்தவர்கள், 1867இல் கண்டிக்கு ரயில் வருவதற்கு முன்னே, காட்டு வழியாக மலைக்கு நடந்த அந்த வடபாதையில் மறுபடி நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை வழியோரத்திலேயே விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்த பாதை அது. போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டு அதில் பெயர் எழுதியது சங்கத் தமிழரின் வழக்கம். இந்தப் பாதையில் விழுந்தவர்கள் எந்தச் செக்ரோலிலும் ஏறுமுன்னே செத்தவர்கள். அரைப்பேரும் அவர்களுக்கு விழவில்லை. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சிங்கள நண்பர்களும் சேர்ந்து நடந்ததால் அதைக் கிறிஸ்தவ நிகழ்ச்சி என்று சொந்தம் கொண்டாடக் கூடாது. ஆனால் ஒரு காலத்தில் கூலி மிஷன் என்று பெயர் வைத்துக்கொண்ட மரபிலிருந்து வந்த திருச்சபைகள் அந்த வெயிலில் நடந்தது எனக்குச் சிறிய செய்தியாகப் படவில்லை.

கூலி என்ற பெயரைப் பெனோனியைப்போல மாற்ற வேண்டியிருந்தது, மாற்றிவிட்டோம். பேர் என்ற சொல்லை யாபேஸைப்போல வைத்துக்கொண்டே வழக்காட வேண்டும். வழக்கு இன்னும் முடியவில்லை. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலிருந்து எத்தனையோ சட்டங்கள் வந்துவிட்டன. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அந்த ஆயிரம் கையில் வருவதற்குள் பல தோட்டங்களில் கிலோ கூடியது, எட்டாதவர்களுக்கு மறுபடி அரைப்பேர். அறுப்புக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி தானே கூக்குரலிடும் என்று யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. அந்த வசனத்தைப் பன்வில பக்கத்துக் கோயில்களில் நாட்சம்பளப் பேச்சு நடக்கும் வாரத்திலேயே வாசிக்க வேண்டும், விளக்கவும் வேண்டும்.

இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. மலைக் கோயில்களில் கிடக்கும் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளையும் அடக்கப் பதிவேடுகளையும் ஈரமும் கறையானும் தின்பதற்குள் படமெடுத்து வைக்க வேண்டும். தோட்டத்தின் பழைய பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர் என்று தேடி வரும் குடும்பங்களுக்கு அவற்றைத் திறந்து காட்ட வேண்டும். இந்தியாவுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நீலகிரியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்து கேட்டால் அவர்களுக்கும் காட்ட வேண்டும். பணம் அதிகம் பிடிக்காது. ஒரு கைபேசியும், பழைய கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த இரண்டு இளைஞரும், சாவியைக் கொடுக்கச் சம்மதிக்கும் ஒரு குருவானவரும் போதும்.